வியாழக்கிழமைத் தண்ணீர்

1975 மார்ச் 20, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூரம், திருப்புட்குழி கிராமங்களுக்குப் போகும் மின்சாரம் பராமரிப்பு வேலைக்காக நிறுத்தப்பட்டது. மாலை நான்கு மணிக்குத் திரும்ப வரும் என்று முந்தின நாள் சாயங்காலமே இரண்டு ஊரிலும் தண்டோரா போட்டிருந்தார்கள்.

நாளைக் குறித்துக் கொடுத்தவர் லைன் இன்ஸ்பெக்டர் ஆதிகேசவன்.

ஏகாம்பரநாதர் கோயில் தேர் நெருங்கிக்கொண்டிருந்தது. தேர் வந்துவிட்டால் லைன்மேன் அத்தனை பேருக்கும் ராஜ வீதிகளில் கம்பியை அவிழ்ப்பதும் கட்டுவதுமே சரியாக இருக்கும். அதற்குள் கிராமத்து வேலையை முடிக்கச் சொல்லி ஆபீஸ் உத்தரவு. எந்த நாள் என்பதை அவரிடமே விட்டிருந்தார்கள். அவர் யோசித்துத்தான் இருபதாம் தேதியை எடுத்தார். கூரத்துக் கிணற்றில் அன்று அவருடைய முறை. தன் நாளையே விட்டுக்கொடுத்துவிட்டால் அண்ணி வாயைத் திறக்க வழியிருக்காது என்று நினைத்தார்.

மே மாதக் கடைசியில் அவருக்கு ஐம்பத்தைந்து முடிகிறது; ரிட்டையரானதும் கூரத்து வீட்டில் குடியேறிப் பயிர் வைப்பதாக இருந்தார். சேர்ந்து கிடந்த லீவை மொத்தமாக எடுக்காமல் வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள் என்று எடுத்துக் கூரத்துக்குச் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தார். கம்பத்தைப் பார்த்தே பழகிய கண் கொஞ்சம் கொஞ்சமாக வரப்பைப் பார்க்கட்டும் என்பது அவர் கணக்கு. அப்பா விட்டுப்போன நிலத்தில் பாதி அவருக்கு, பாதி அண்ணன் துரைக்கண்ணுவுக்கு. அண்ணன் இறந்து நான்கு வருஷமாகிறது. அண்ணி கிருஷ்ணவேணிதான் தனியாளாக நின்று பயிர் வைக்கிறாள். இரண்டு பங்குக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒரு நாள் அவள் முறை, மறுநாள் இவர் முறை. இவர் போக முடியாத நாளில் கூலிக்காரர் தர்மன் மோட்டார் போட்டுத் தண்ணீர் கட்டுவார்.

இத்தனைக்கும் அவர் மனைவி காந்தா இன்னும் சரியென்று சொல்லவில்லை. பிள்ளையார்பாளையத்து வாடகை வீட்டையும், வாசலில் வரும் குழாய்த் தண்ணீரையும் விட்டுவிட்டு வர அவளுக்கு மனமில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் இறங்கி வந்தாள். "வியாழக்கிழமை நீங்க அங்கதானே வேலையா இருப்பீங்க. சாப்பாடு எடுத்துக்கினு பஸ்ல வரேன். வீட்டைப் பாக்கறேன், அக்காகிட்ட ரெண்டு வார்த்தை பேசறேன். அப்புறம் சொல்றேன்."

அதனால் அந்த வியாழக்கிழமை அமைதியாகக் கழிய வேண்டுமென்று காலையிலிருந்தே அவருக்கு உள்ளூர ஒரு வேண்டுதல் இருந்தது.

கூரம் கூட்டுரோட்டில் லைன்மேன் சாமுவேல் கம்பத்தின் மேல் இருந்தார். கீழே புளியமர நிழலில் ஆதிகேசவன் நின்றிருந்தார். பக்கத்து டீக்கடையில் நாலைந்து பேர். அவர்களில் ஒருவர் கோதண்டபாணி. தாலுகா ஆபீசுக்கும் கலெக்டருக்கும் மனு எழுதிப் போடுவதே அவருக்குப் பொழுதுபோக்கு.

ஏரிக்கரைப் பக்கமிருந்து அண்ணி வந்தாள். தோளில் மண்வெட்டி.

"தம்பி, நல்லா இருக்கியாபா?"

அண்ணி நலம் விசாரித்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

"இருக்கேன் அண்ணி. ஏன் இந்த வெயில்ல..."

"வெயில் என்னை இன்னா பண்ணிடும்? பயிரைத்தான் பண்ணும். என் முறையாப் பாத்து கரண்டை நிறுத்திட்டியே, அதைக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"உங்க முறையா? இன்னைக்கு என் முறை அண்ணி. மாசியிலேர்ந்து இரட்டைப்படைத் தேதியெல்லாம் எனக்குத்தானே வருது?"

"கிணத்துக்கு ஏதுபா தேதி? போன வாரம் அமாவாசை வந்துச்சே, அதை எந்தத் தேதியில சேத்த?"

ஆதிகேசவன் விரலை மடக்கி நாட்களை எண்ணிப் பார்த்தார்.

அமாவாசையன்று கூரத்தில் மாடு பூட்ட மாட்டார்கள். மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த காலத்து வழக்கம். மாடு போய் மோட்டார் வந்த பிறகும் அந்தக் கிணற்றில் அமாவாசைக்குத் தண்ணீர் எடுப்பதில்லை. அது யாருடைய நாளும் அல்ல. முறை அதைத் தாண்டிக்கொண்டு போகும். இது அவருக்குத் தெரியாததல்ல. சின்ன வயதில் கவலைக்குப் பின்னால் ஓடியவர்தான். ஆனால் முப்பது வருஷமாக ஆபீஸ் காலண்டரைப் பார்த்தே நாளைக் கழித்ததில் அமாவாசை அவர் கணக்கிலிருந்து நழுவியிருந்தது. தேர் வேலையால் போன வாரம் கூரத்துக்குப் போகவும் இல்லை. தர்மன் பாட்டுக்குச் சரியான நாளில் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தியமா தெரியாது அண்ணி. என் முறைன்னு நெனச்சுத்தான் இந்த நாளைக் குறிச்சேன்."

"அப்படியா?" அண்ணி டீக்கடைப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் குரலை உயர்த்தினாள். "கேட்டுக்கோங்கபா. கரண்ட் ஆபீஸ்காரருக்கு அமாவாசை தெரியாதாம்."

கடையில் யாரோ சிரித்தார்கள். கோதண்டபாணி சிரிக்கவில்லை. உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆதிகேசவனுக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. தை மாதம் இவருடைய முறையில் ஒரு நாள் முழுக்க மின்சாரம் இல்லாமல் போனது. மறுநாள் அதற்கு ஈடாகத் தண்ணீர் கேட்டபோது அண்ணிதான் மறுத்தாள். மாடு முடியாமல் படுத்துவிட்டால் அந்த முறை போனது போனதுதான், மறுநாள் அடுத்த பங்குக்கு என்று தன் மாமனார், அதாவது இவருடைய அப்பா, வைத்த வழக்கத்தைக் காட்டினாள். கரண்ட் போவதும் மாடு படுப்பதும் ஒன்றுதான் என்றாள். இவரும் ஒப்புக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார். வாய் முந்திக்கொண்டது.

"தையில எனக்குச் சொன்ன வழக்கம்தானே அண்ணி இதுவும்?"

"மாடு படுத்தா முறை போகும்பா. மாட்டைப் புடிச்சுக் கட்டிப் போட்டா?"

அவர் கம்பத்தைப் பார்த்தார்.

அண்ணி மண்வெட்டியை இறக்கிக் காம்பின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். இப்போது குரலில் கிண்டல் இல்லை.

"தொண்டைக் கதிர்ல நிக்குது பயிரு. கதிர் வெளிய வர நேரத்துல தண்ணி இல்லன்னா அப்படியே பதரு. நேத்து உன் முறை, அதுக்கு முந்தின நாள் எனக்கு. இன்னைக்கும் இல்லன்னா இனி நாளான்னிக்குத்தான். பங்குனி வெயில்ல அதுவரைக்கும் தாங்குமா? நீயே சொல்லு."

தாங்காது. அது அவருக்கே தெரிந்தது.

அந்த வருஷம் பம்புசெட்டுக்குப் பகலில் மட்டும்தான் மின்சாரம். ஆறு மணிக்கு நின்றுவிடும். நாலு மணிக்கு விட்டால் அண்ணியின் மேல்பாத்திக்குத்தான் தண்ணீர் எட்டும். அதற்குமுன் விட்டால் ஓரளவு வயல் முழுக்கப் பாயும்.

"ரெண்டு மணிக்குக் கரண்ட் விடறேன் அண்ணி. நான் சொல்றேன்."

"நீ சொல்ற. சரி." அண்ணி மண்வெட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

மேலேயிருந்து சாமுவேல் கேட்டார். "சார், ரெண்டு மணின்னு யாரைக் கேட்டுச் சொன்னீங்க? என்னைக் கேட்டீங்களா, இந்தக் கம்பத்தைக் கேட்டீங்களா?"

"முடியாதாப்பா?"

"கம்பி தாங்கற பீங்கான் மூணு விரிசல் விட்டுப் போயிருக்குது. மாத்தணும். அந்தப் பக்கம் சிட்டிபாபு கம்பத்துல இன்னா கதையோ."

சிட்டிபாபு இன்னொரு லைன்மேன். ஏரிக்கு அப்பால் திருப்புட்குழிப் பக்கத்துக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிருந்து பார்த்தால் பனைமரங்கள்தான் தெரியும், ஆள் தெரியாது.

பகல் சாப்பாட்டு நேரத்தில் காந்தா அடுக்குக் கேரியரும் ஃபிளாஸ்க்குமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி கணவரைப் பார்த்தாள்.

"ஏங்க முகம் இப்படி இருக்குது?"

"ஒண்ணுமில்ல. நீ வீட்டைப் போய்ப் பாரு. அண்ணி மோட்டார் கொட்டாய்கிட்ட இருப்பாங்க."

"சாப்பிடலையா?"

"அப்புறம்."

காந்தா கேரியரைப் புளியமரத்தடியில் வைத்துவிட்டு நடந்தாள். அவள் ஏரிக்கரை ஏறி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் அவள் ஒரு மாதிரி திரும்பி வருவாள். கேட்காவிட்டால் வேறு மாதிரி வருவாள்.

ஒன்றரைக்குச் சாமுவேல் மூன்றாவது பீங்கானை மாற்றி முடித்தார். ஆதிகேசவன் வேகவேகமாகச் சொன்னார். "போதும், இறங்கு. மிச்சத்தைத் தேருக்கு அப்புறம் பாத்துக்கலாம். எர்த் சங்கிலியைக் கழட்டிடு."

"சிட்டிபாபு?"

"சொல்லி அனுப்பறேன்."

அந்த வழியாகச் சைக்கிளில் போன ஒரு பால்காரரை நிறுத்தி, ஏரிக்கு அந்தப் பக்கம் கம்பத்தில் இருக்கும் ஆளை உடனே இறங்கச் சொல்லும்படி சொன்னார். பால்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். ஆதிகேசவன் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டில் இருந்த ரைஸ் மில்லுக்கு மிதித்தார். அந்தச் சுற்று வட்டாரத்தில் டெலிபோன் அங்கேதான் இருந்தது.

மில் மேனேஜர் வீராசாமி நாற்காலியைத் தள்ளிப் போட்டார். மின்சாரம் இல்லாததால் மில்லும் நின்றிருந்தது. டெலிபோனில் எக்ஸ்சேஞ்ச் கிடைத்து, அதற்குப் பிறகு சப்-ஸ்டேஷன் கிடைத்தது. அப்பாதுரை என்ற ஆபரேட்டர் பேசினார்.

"சார், அதுக்குள்ள முடிஞ்சுதா? லைனைத் திருப்பிக் குடுக்கறீங்களா?"

"ஆமா. குடுக்கறேன்."

"எல்லாரும் கீழ இருக்காங்களா சார்? கண்ணால பாத்தீங்களா?"

அது வழக்கமான கேள்வி. ஆபரேட்டர் கேட்டுத்தான் ஆக வேண்டும். இன்ஸ்பெக்டர் பதில் சொன்ன பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விக்கு அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்: பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. மில் சுவரில் கடிகாரம் இரண்டு அடிக்க இருந்தது. அண்ணி மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் காந்தா.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இரு. தொடாதே. நான் திரும்பக் கூப்பிடறேன்."

ரிசீவரை வைத்தார். வீராசாமி ஏதோ கேட்டார். ஆதிகேசவன் அதற்குள் வெளியே வந்து சைக்கிளில் ஏறினார். ஏரிக்கரை மேட்டில் இறங்கித் தள்ளாமல் நின்றபடியே மிதித்தார். பனைமரங்களைத் தாண்டினார்.

கம்பத்தின் உச்சியில் இடுப்புக் கயிற்றில் சாய்ந்துகொண்டு சிட்டிபாபு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார்.

ஆதிகேசவன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுச் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சார், ஓடியாந்தீங்க?" மேலேயிருந்து சிட்டிபாபு கேட்டார்.

"யாரும் வந்து சொல்லலையா உனக்கு?"

"இல்லையே. இன்னா சொல்லணும்?"

பால்காரர் வழியில் ஒரு கடையில் டீ குடிக்க உட்கார்ந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

"ஒண்ணுமில்ல. வேலையை முழுசா முடி. அவசரமில்ல."

சிட்டிபாபுவுக்குப் போன தையில்தான் பெண் குழந்தை பிறந்தது. ஆபீஸில் எல்லோருக்கும் கல்கண்டு கொடுத்தார். ஆதிகேசவன் அந்தக் கம்பத்தடியை விட்டு நகரவில்லை. குறுக்குக் கட்டையில் ஒன்று உளுத்துப் போயிருந்தது. மாற்றிக் கட்டி இறங்கும்போது மணி ஐந்தாகிவிட்டது. இருட்டில் தேடுகிறவர் மாதிரி, இறங்கியவரின் தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கூட்டுரோட்டுக்குப் போய்ச் சாமுவேலையும் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மில்லுக்குப் போனார்.

"பாத்தேன்" என்றார் டெலிபோனில்.

மின்சாரம் வந்தபோது ஐந்தரை. அவர் கிணற்றடிக்குப் போய்ச் சேரும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வாய்க்காலில் பாதி தூரம் போயிருந்தது. காய்ந்து வெடித்த வாய்க்கால் அதைக் குடித்துக்கொண்டே இருந்தது. மேல்பாத்தி மடையை அண்ணி வெட்டிவிட்ட கொஞ்ச நேரத்தில் மோட்டார் சத்தம் தானாக அடங்கியது. ஆறு மணி.

வயலின் விளிம்பில் ஒரு முழ அகலத்துக்கு மண் கறுத்திருந்தது. அவ்வளவுதான்.

அண்ணி மோட்டார் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்தாள். காந்தா பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேரும் பகலெல்லாம் பேசியிருப்பார்கள் போலிருந்தது. வரப்பில் தர்மனும் நின்றார். டீக்கடைக் கோதண்டபாணியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

"ரெண்டு மணின்ன" என்றாள் அண்ணி.

"முடியல அண்ணி."

"ஏன் முடியல?"

கம்பத்து உச்சியில் கம்பியைப் பிடித்திருந்த இரண்டு கைகள் அவர் கண்ணில் வந்து போயின.

"வேலை முடியல. அவ்ளோதான்."

காந்தா எழுந்துபோய் ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். டம்ளர் அவர் கையில் ஆடுவதைப் பார்த்தாள். அண்ணியிடம் திரும்பினாள்.

"அக்கா, நாளைக்கு எங்க முறைதானே? நீங்க எடுத்துக்கோங்க. நான் சொல்றேன், இவரும் சரின்னுதான் சொல்வாரு."

"எடுத்துக்கோங்க அண்ணி" என்றார் ஆதிகேசவன். "எனக்கு ஒரு நாள் தாங்கும்."

தாங்காது. அவருடைய பயிரும் அதே தொண்டைக் கதிரில்தான் நின்றது. அண்ணிக்கு அது தெரியும்.

"நீ குடுத்து நான் வாங்கிக்கவா?" அண்ணி மெதுவாகத்தான் சொன்னாள். "வாங்கிக்கினா இன்னா அர்த்தம்? இன்னைக்கு என் முறை போச்சு, நாளைக்கு ஆதிகேசவன் தருமம் பண்ணாருன்னு அர்த்தம். இன்னொரு நாள் கரண்ட் ஆபீஸ்ல நிறுத்தினா அப்பவும் இதே கதைதான். என் முறை போவல. நீ நிறுத்தின. அதனால நாளைக்கு என்னோட முறை. அப்படிச் சொல்லு, மோட்டாரைப் போடறேன்."

"அக்கா, எதைச் சொன்னா இன்னா? தண்ணி ஒரே தண்ணிதானே" என்றாள் காந்தா.

"உனக்கு ஒண்ணு. எனக்கு வேற."

ஆதிகேசவன் வாயைத் திறந்தார். நான்தான் நிறுத்தினேன், நாளைக்கு உங்கள் முறை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வரப்பில் நின்ற கோதண்டபாணி ஓர் அடி முன்னால் வந்தார். சொந்தத் தகராறுக்காக ஊர் மின்சாரத்தை நிறுத்தினேன் என்று லைன் இன்ஸ்பெக்டரே நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டதாக ஒரு மனு போனால் போதும். மே மாதம் கையில் வர வேண்டிய பென்ஷன் எந்த ஆபீஸ் மேஜையில் போய்த் தூங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைவிட, அது பொய். அவர் மாட்டைக் கட்டிப் போடவில்லை.

வாயை மூடிக்கொண்டார்.

"சொல்ல மாட்ட. எனக்குத் தெரியும்." அண்ணி சாவியை எடுத்துக் கொட்டகைச் சுவரில் ஆணியில் மாட்டினாள். "நாளைக்கு நீயே போட்டுக்கோ. உன் முறைன்னா உன் முறை."

"நான் போட மாட்டேன் அண்ணி. தர்மா, நாளைக்கு நீயும் தொடாதே. அது அண்ணிக்கு."

"எனக்குத் தருமம் வேணாம்னு சொன்னனே, காதுல விழலையாபா?"

கடைசி பஸ்ஸில் காந்தாவும் அவரும் காஞ்சிபுரம் திரும்பினார்கள். சைக்கிள் பஸ் மேலே இருந்தது. ஒலிமுகமது பேட்டை தாண்டியது. பிறகு காந்தா கேட்டாள்.

"கை ஏன் ஆடுச்சு?"

"வெயில்."

"சரி." ஜன்னல் வெளியே பார்த்தாள். "வீடு நல்லாத்தான் இருக்குது. சமையல் ரூம்ல ஒரு ஜன்னல் வச்சா போதும். ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க ஆபீஸ்ல ஏதாவதுன்னா மேல ஒருத்தர் ஆர்டர் போடுவாரு. அந்தக் கிணத்துக்கு யார் போடறது?"

ஆதிகேசவன் பஸ் டிக்கெட்டைச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை கூரத்தில் காலையிலிருந்து மாலை ஆறு மணிவரை மின்சாரம் தடையில்லாமல் இருந்தது. சுற்று வயல்களில் எல்லா மோட்டாரும் ஓடின. ஆதிகேசவன் ராஜ வீதியில் தேருக்காகக் கம்பி அவிழ்க்கும் வேலையில் இருந்தார். தர்மன் தொடவில்லை. அண்ணி வயலுக்கு வந்தாள், களை எடுத்தாள், போனாள். மோட்டார் கொட்டகைச் சாவி ஆணியிலேயே இருந்தது. அன்று அந்தக் கிணற்றிலிருந்து இரண்டு பங்குக்கும் தண்ணீர் போகவில்லை.

வெள்ளிக்கிழமை யாருடைய நாள் என்றே தீராததால், சனிக்கிழமை யாருடைய முறை என்பதும் முடிவாகவில்லை.